ரோஸ்டர் கேப்: தொப்பி என்று எழுதாதீர்கள்

கேப் என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் கொடுத்தால் ‘தொப்பி’ என்றுதான் திருப்பித் தரும். ‘சம்பளத் தொப்பி’, ‘ரோஸ்டர் தொப்பி’ போன்ற சொற்கள் இப்படித்தான் பிறக்கின்றன. கூடைப்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கிய ஒருவர் இதைப் படித்தால் அவருக்கு எதுவும் விளங்காது, விளங்காததற்குத் தன்னையே நொந்துகொள்வார் என்பதுதான் எனக்கு வருத்தம். தவறு அவர் மேல் இல்லை, சொல்லின் மேல். ரோஸ்டர் (அணியில் யார் யார் என்ற பட்டியல்), கேப் (இதற்கு மேல் கூடாது என்ற தடை), ரேட்டிங் (வீரருக்குப் போடும் எண்) மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று பக்கத்திலிருந்து பதில் சொல்கின்றன: ஓர் அணி எவ்வளவு பலத்தைச் சேர்த்துவைக்கலாம்?

முதலில் ரோஸ்டர். டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே இதற்கு இறைச்சி சுடும் கம்பி வலை என்று பொருள். ரோஸ்ட் என்கிறோமே, அந்தக் குடும்பம்தான். சுடும் வலைக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் என்ன உறவு என்றால், கோடு. பட்டியல் எழுதுவதற்குத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பார்கள், அது பார்க்கக் கம்பி வலை மாதிரியே இருக்கும், அதனால் கோடு போட்ட தாளுக்கும் அப்புறம் அதில் எழுதிய பட்டியலுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, படையில் யாருக்கு எப்போது எந்த வேலை என்று எழுதிவைக்கும் பட்டியலைத்தான் குறித்தது. சேவலைக் குறிக்கும் ரூஸ்டருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அந்தப் படை வழக்கம்தான் நம் அலுவலகத் தமிழிலும் ‘பணிமுறைப் பட்டியல்’ என்றும் ‘சுழற்சிப் பட்டியல்’ என்றும் இருக்கிறது. மருத்துவமனையில் இரவுப் பணி யாருக்கு என்று எழுதி ஒட்டும் தாளுக்கு இது சரியான சொல். கூடைப்பந்துக்கு அறவே பொருந்தாது, ஏனென்றால் கூடைப்பந்தில் ரொட்டேஷன் என்று வேறொன்று இருக்கிறது. பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் மாற்றி மாற்றி இறக்கும் எட்டு, ஒன்பது பேர்தான் ரொட்டேஷன். உண்மையான சுழற்சி அதுதான். ரோஸ்டரில் இருக்கும் ஒருவர் பருவம் முழுக்கக் களத்தில் கால் வைக்காமலே இருக்கலாம், ஆனாலும் அவர் ரோஸ்டரில்தான் இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார், ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறார். ஆக ரோஸ்டர் என்பது அணியோடு ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் பட்டியல். நான் ‘அணிப்பட்டியல்’ என்றே எழுதுகிறேன். அணி என்றாலே தமிழில் வரிசை என்ற பொருளும் உண்டு, அதனால் சொல் நன்றாகவே உட்காருகிறது. தொடக்கத்தில் இறங்குபவர்களைக் ‘களமிறங்கும் ஐவர்’ என்று சொல்லிவிட்டால் குழப்பமே வராது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் இந்த அணிப்பட்டியலுக்கு 15 இடங்கள். பருவம் நடக்கும்போது 14 பேருக்குக் கீழே அதிக நாள் இருக்கவும் கூடாது. ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பருவம் தொடங்குவதற்குள் குறைத்தாக வேண்டும். இது தவிர இருவழி ஒப்பந்தம் என்று மூன்று இடங்கள் தனியாக உண்டு: அந்த மூவரும் ஜி லீக் எனும் வளர்ப்புத் தொடருக்கும் பெரிய அணிக்கும் இடையில் போய்வருவார்கள், ஒருவர் ஒரு பருவத்தில் 50 ஆட்டங்களுக்கு மேல் பெரிய அணியின் ஆட்டப் பட்டியலில் இருக்க முடியாது. 2017-18 பருவத்தில் இரண்டு இடங்களோடு தொடங்கி 2023-24இல் மூன்றாக்கினார்கள்.

வெறும் எண்தானே என்று தோன்றும். ஒரு பரிமாற்றத்தை வைத்துப் பாருங்கள். 15 பேர் நிறைந்த அணி ஒரு பெரிய வீரரைக் கொடுத்து மூன்று பேரை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 17 ஆகிவிட்டது. இரண்டு பேர் போயாக வேண்டும். அந்த இருவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள், பரிமாற்றத்தில் அவர்கள் பெயரே வந்திருக்காது, ஆனாலும் பெட்டியைக் கட்ட வேண்டியது அவர்கள்தான். இதைத்தான் வெய்வ் என்கிறார்கள். ‘விடுவித்தல்’ என்று எழுதலாம், பேச்சில் கழற்றிவிடுவது என்போம். விடுவித்த 48 மணி நேரத்துக்குள் வேறு அணி எதுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் யாரோடும் பேசலாம்.

சரி, கேப்புக்கு வருவோம். பின்னை இலத்தீனில் தலைமூடிக்கும் போர்வைக்கும் இருந்த ‘கப்பா’ என்ற சொல்தான் இதற்கு மூலம். தலையை மூடுவது என்ற பொருள் மெல்ல எதன் உச்சியையும் மூடுவது என்று விரிந்து, இருபதாம் நூற்றாண்டில் இதற்கு மேல் போகாதே என்று தடுப்பதற்கும் அதே சொல் வந்தது. நமக்கு அந்தத் தொப்பியைக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. நம்மிடம் வரம்பு இருக்கிறது. வரம்பு என்றால் முதலில் வயல் வரப்பு. நீரைத் தடுத்து நிறுத்தும் மண்கரை. அதிலிருந்துதான் வரம்பு மீறுவது, வரம்பில்லாமல் பேசுவது எல்லாம் வந்தன. ‘உச்சவரம்பு’ என்ற சொல் நிலத்துக்கும் வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டது. சாலரி கேப்புக்கு ‘சம்பள உச்சவரம்பு’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு வரம்பு பிடிக்கும். வரப்பில் மடை உண்டு. தேவைப்படும்போது திறந்துவிடலாம். என்பிஏவின் சம்பள உச்சவரம்பும் அப்படித்தான் வேலை செய்கிறது, ஆங்கிலத்தில் இதை சாஃப்ட் கேப் என்பார்கள். ‘மென்மையான வரம்பு’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன், அது துணியைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. ‘நெகிழ்வரம்பு’ என்று சொல்லலாம். ஹார்ட் கேப்புக்கு ‘கடின வரம்பு’ வேண்டாம், ‘கறார் வரம்பு’ போதும். கறாராகச் சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் பேச்சே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், இங்கேயும் அதுதான் பொருள்.

வரலாறு கொஞ்சம். என்பிஏவின் முன்னோடியான பிஏஏ தொடர் 1946-47இல் ஓர் அணிக்கு 55,000 டாலர் என்று வரம்பு வைத்தது, ஒரே பருவத்தோடு கைவிட்டது. பிறகு 1984-85இல்தான் இன்றைய முறை வந்தது: அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26 பருவத்துக்கு அது 15.46 கோடி டாலர். நடுவில் 2016இல் ஒரு பெரிய தாவல் நடந்தது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் ஒரே நேரத்தில் கொட்டியதில் வரம்பு 7 கோடியிலிருந்து ஒரே வருடத்தில் 9.41 கோடிக்கு ஏறியது. முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு அந்தக் கோடையில் நட்சத்திர வீரர் கெவின் டுரான்ட்டை எடுக்க இடம் கிடைத்தது இதனால்தான். வரப்பு உயர்ந்ததும் ஏற்கெனவே நிரம்பியிருந்த வயலிலேயே இன்னும் நீர் நின்றது. தொடர் நிர்வாகமும் வீரர் சங்கமும் செய்துகொண்ட இப்போதைய கூட்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதிவைத்திருப்பதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம்.

மடைகளில் பெரியது பேர்ட் விதிவிலக்கு. பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் லாரி பேர்ட் பெயரால் வழங்குவது, ஆகவே ‘பறவை உரிமை’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். மூன்று பருவம் விடுவிக்கப்படாமலும், ஒப்பந்தம் முடிந்து தானாக அணி மாறாமலும் இருந்த தன் வீரரை, வரம்பைத் தாண்டியும் அந்த அணி மீண்டும் ஒப்பந்தம் செய்யலாம் என்பதே இதன் சாரம். ‘சொந்த வீரர் விதிவிலக்கு’ என்றால் பேர்ட் யாரென்று தெரியாதவருக்கும் புரியும்.

வரம்புக்கு மேலே, தாண்டினால் அணி வரி கட்ட வேண்டிய ஆடம்பர வரிக் கோடு, அதற்கும் மேலே முதல் ஏப்ரன், இரண்டாம் ஏப்ரன். ஏப்ரன் என்றால் சமையலில் இடுப்பில் கட்டும் துணி. பழைய பிரெஞ்சில் ‘நாப்ரோன்’, ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் ‘அ’ சேர்த்து ‘அ நாப்ரன்’ என்று சொல்லும்போது ‘ந்’ என்ற ஒலி முன்னால் இருந்த ‘அ’வோடு ஒட்டிக்கொண்டு போய், ‘அன் ஏப்ரன்’ என்றாகிவிட்டது. சொல் பிரியும் இடம் மாறியதால் ஓர் எழுத்தையே இழந்த சொல். தமிழில் இதற்குத் துணி எதையும் தேட வேண்டாம், ‘முதல் மேல்வரம்பு’, ‘இரண்டாம் மேல்வரம்பு’ போதும். 2025-26இல் இரண்டாவது 20.78 கோடி டாலரில் இருக்கிறது. அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய சம்பளக்காரரைப் பரிமாற்றத்தில் வாங்க முடியாது. பணக்கார உரிமையாளருக்கு வரி வலிக்காமல் இருக்கலாம், இது வலிக்கும்.

இனி ரேட்டிங். இங்கேதான் தமிழில் அதிகத் தவறு நடக்கிறது, காரணம் ரேங்கிங்கையும் ரேட்டிங்கையும் ஒன்றாகப் போட்டு இரண்டுக்கும் ‘தரவரிசை’ என்று எழுதிவிடுகிறோம். வரிசை என்றால் ஒருவருக்குப் பின் ஒருவர், முதலிடத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். ரேட்டிங் அப்படியில்லை, பத்துப் பேருக்கும் ஒரே எண் வரலாம். ‘தரமதிப்பு’ என்பதே சரி. ரேட் என்ற சொல் கணக்கிடுவது என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது, அதே வினையிலிருந்துதான் விகிதத்தைக் குறிக்கும் ரேஷியோவும் அறிவைக் குறிக்கும் ரீசனும் வந்தன. தமிழிலும் மதித்தல் என்றால் அளவிடுதல், மதி என்றால் அறிவு. இரண்டு மொழியும் அளப்பதையும் அறிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைக் கவனித்த நாளிலிருந்து, மதிப்பு என்ற சொல்லை விட்டு வேறு சொல்லுக்குப் போக எனக்கு மனமே வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: என்பிஏவில் வீரரின் தரமதிப்பு எதையும் வைத்து விதி கிடையாது. புள்ளிவிவர ஆய்வாளர் ஜான் ஹாலிஞ்சர் உருவாக்கிய பிஇஆர் என்ற எண் உண்டு, வீரரின் ஆட்டத்திறனை ஒரே எண்ணில் சொல்வது, தொடரின் சராசரி எப்போதும் 15 வரும்படி அமைத்தது, ஆனால் அது பார்ப்பவர்கள் ஒப்பிட்டுப் பேசுவதற்கு. எந்த அணியையும் அது கட்டுப்படுத்தாது. தரமதிப்பையே விதியாக்கிய தொழில்முறைத் தொடர் ஆஸ்திரேலியாவின் என்பிஎல். 2003-04 பருவத்திலிருந்து அங்கே சம்பள வரம்போடு புள்ளி வரம்பும் இருந்தது. முந்தைய பருவத்தில் ஆடியதை வைத்து ஒவ்வொரு வீரருக்கும் 1 முதல் 10 வரை புள்ளி, பத்துப் பேர் கொண்ட அணியின் கூட்டுத்தொகை ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும், பல பருவங்களில் அது 70. சராசரியாக ஆளுக்கு 7. ‘தரப்புள்ளி வரம்பு’ என்று இதைச் சொல்லலாம். நோக்கம் நல்லதுதான், பணம் இருக்கிறது என்பதற்காக நட்சத்திரங்களையெல்லாம் ஒரே அணி அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள், இளம் வீரர் ஒருவரை ஓர் அணி பொறுமையாக வளர்த்து அவர் நன்றாக ஆடத் தொடங்கினால் அடுத்த பருவம் அவருடைய புள்ளி ஏறும், ஏறினால் வேறு யாரையாவது விட வேண்டும். வளர்த்ததற்கே அபராதம் கட்டுவது போல. 2016இல் அந்த முறையைக் கைவிட்டார்கள், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இதே போலத் தோன்றும், ஆனால் முற்றிலும் வேறான ஒன்று சக்கர நாற்காலி கூடைப்பந்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வீரருக்கும் 1.0 முதல் 4.5 வரை, அரைப்புள்ளி அரைப்புள்ளியாக ஓர் எண். சர்வதேசப் போட்டிகளில் களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டு 14ஐத் தாண்டக் கூடாது. இதைத் ‘தரப்புள்ளி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த எண் அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதைச் சொல்வதில்லை, நாற்காலியில் இருந்தபடி அவர் உடல் எவ்வளவு சாயும், திரும்பும், எட்டும் என்பதைச் சொல்கிறது. 1.0 உள்ளவர் உலகத்தரமான வீரராக இருக்கலாம். ‘வகைப்புள்ளி’ என்பதுதான் அவருக்கு நியாயமான சொல்.

ஓர் ஆட்டத்தின் நடுவில் இதைப் பாருங்கள். களத்தில் 4.5, 4.0, 3.0, 1.5, 1.0. கூட்டினால் சரியாக 14. 1.5 வீரர் களைத்துப் போகிறார், அவர் இடத்துக்குத் தயாராக இருப்பவர் 2.0. அவரை அப்படியே இறக்கினால் 14.5, அரைப்புள்ளி கூடிவிட்டது. அதனால் பயிற்சியாளர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் 4.0 வீரரையும் கூடவே வெளியே அழைத்து, 3.5 வீரரை உள்ளே அனுப்புகிறார். ஒருவர் களைத்தார், மாறியது இரண்டு பேர், பலகையில் மறுபடியும் 14.