தாய்லாந்தில் ஆசிரியர் வேலை: விசா வேறு, வேலை அனுமதி வேறு

தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் வேலை உறுதியானதும் பலரும் முதலில் கேட்பது, "விசா எத்தனை நாளில் வரும்?" என்றுதான். விசா வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே விசா என்பது நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். பாடம் நடத்த வேலை அனுமதி, அதாவது ஒர்க் பெர்மிட், தனியாக வேண்டும். ஆண்டு முழுக்கத் தங்க, பாஸ்போர்ட்டில் நீட்டிப்பு முத்திரை தனியாக வேண்டும். விசாவைத் தருவது தூதரகம், வேலை அனுமதியைத் தருவது தொழிலாளர் அமைச்சகம், முத்திரை குத்துவது குடிவரவுக் காவல்துறை. மூன்றுக்கும் அடிப்படை உங்களை வேலைக்கு எடுத்த பள்ளிதான்.

ஆசிரியர்கள் வாங்க வேண்டியது 'நான்-இமிகிரன்ட் பி' விசா. 2025 ஜனவரியிலிருந்து இதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழையும் விசாவில் இறங்கினால் 90 நாள் தங்கலாம். அதற்குள் பள்ளி உங்கள் வேலை அனுமதியை வாங்கி, நீட்டிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட் (தாய்லாந்து நாணயம்).

"சுற்றுலாப் பயணியாக வந்துவிடுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் நிறைய. அங்கே போய் விசா வகையை மாற்ற வழி இருப்பது உண்மைதான். ஆனால் வேலை அனுமதி கைக்கு வரும் முன் ஒரு வகுப்பு எடுத்தாலும் குற்றம். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம், அடுத்த 2 ஆண்டுக்கு வேலை அனுமதி கிடையாது. பள்ளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் விமானம் ஏற்றி அனுப்பப்படுவது ஆசிரியர்தான். மாலையில் வேறொரு டியூஷன் மையத்தில் பாடம் எடுப்பதும் குற்றம்தான், அந்த வேலை உங்கள் அனுமதியில் இல்லையென்றால்.

பள்ளி ஆசிரியருக்கு இன்னொரு படியும் உண்டு. 'குருசபா' எனப்படும் தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தின் உரிமம். அது இல்லாதவருக்காகப் பள்ளியே விண்ணப்பித்துத் தற்காலிக விலக்கு வாங்கித் தரும். இது வழக்கமாக 2 ஆண்டுக்கானது. கணக்குப் பாடம் நடத்துபவரானாலும் சரி, ஆங்கிலம் நடத்துபவரானாலும் சரி, இளங்கலைப் பட்டம் இல்லாமல் இந்த விலக்கை எதிர்பார்க்க முடியாது. 'விலக்கு வாங்கித் தருவீர்களா?' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் வரும்: இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'கே. செல்வி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'செல்வி கந்தசாமி' என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒருவர்தான் என்பது பார்த்ததும் தெரியும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஊரில் உட்கார்ந்து காகிதம் சரிபார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. கே என்ற ஒற்றை எழுத்தைக் கந்தசாமியோடு சேர்த்துப் படிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஆங்கிலத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, கிளம்பும் முன்பே பள்ளிக்கு அனுப்பி, அது போதுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போலீஸ் நன்னடத்தைச் சான்றையும் ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கிவிடுங்கள். அங்கே போனபிறகு அதற்கு அலைவது பெரும்பாடு. மருத்துவச் சான்று மட்டும் தாய்லாந்தில் எடுத்தால் போதும்.

நீட்டிப்பு கிடைத்தபின் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, மறந்தால் அபராதம். பொங்கலுக்கு ஊருக்கு வர நினைத்தால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அப்போதே ரத்தாகிவிடும். திரும்பிப் போகும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலையை விடும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பாஸ்போர்ட் முத்திரையில் மார்ச் 31 என்று இருக்கும். ஆசிரியர் டிசம்பர் 15ல் ராஜினாமா செய்கிறார். முத்திரையில் இன்னும் மூன்றரை மாதம் மிச்சமிருக்கிறதே என்று நிம்மதியாக அடுத்த பள்ளியைத் தேடுகிறார். ஆனால் தங்கும் உரிமை வேலையோடு ஒட்டியது. டிசம்பர் 15ல் வேலை முடிந்தால் உரிமையும் அன்றே முடியும். அதற்குப் பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. 90 நாளைத் தாண்டினால் மீண்டும் நுழையவே தடை. ஆகவே கடைசி வேலைநாள் எது என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அன்றே குடிவரவு அலுவலகத்துக்குப் போய் 1,900 பாட் கட்டி 7 நாள் அவகாசம் கேளுங்கள். புதிய பள்ளி கிடைத்திருந்தால், பழைய அனுமதி ரத்தாகும் தேதியையும் புதிய பள்ளி விண்ணப்பிக்கும் தேதியையும் இரண்டு பள்ளிகளின் அலுவலகத்தாரும் பேசி முடிவுசெய்த பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.