எக்ஸ்பயர் ஆனவர் காலாவதியானவரா?

கண்டனூரில் எங்கள் தெரு ஆச்சி ஒருவரின் கணவர் போன தை மாதம் தவறிவிட்டார். வங்கிக் கணக்கை மாற்ற ஒரு படிவம் வந்தது. நான்காவது வரியில் 'கணக்குதாரர் காலாவதியான தேதி' என்று இருந்தது. ஆச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை என்னிடம் நீட்டினார். "ஏன் தம்பி, அவுக என்ன மாத்திரை அட்டையா, காலாவதியாக?"

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பயர்' என்று இருந்ததை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தக் கூத்தை நான் பார்ப்பது இது முதல் தடவையில்லை. 'எக்ஸ்பயர்' லத்தீனிலிருந்து வந்த சொல்; மூச்சை வெளியே விடுவது என்று பொருள். கடைசி மூச்சை விட்டால் சாவு. பாஸ்போர்ட்டும் இருமல் மருந்தும் கெடு முடிந்தாலும் அதே சொல்தான். காலாவதியில் வரும் 'அவதி'க்கு எல்லை என்று பொருள். படுகிற அவதி இல்லை. மருந்துக்கும் பத்திரத்துக்கும் அது பொருந்துகிறது, இருக்கட்டும். மனிதருக்கு ஏது கெடு தேதி?

தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்கும் கோபம்தான், ஆனால் காலாவதி வடசொல் என்பதற்காக. 'உயிர்நீத்த நாள்' என்று அச்சடிக்க வேண்டுமாம். இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நீத்தல் என்றால் தானாக விடுவது. வள்ளுவர் துறவிகளைப் பாடிய அதிகாரத்துக்கு 'நீத்தார் பெருமை' என்று பெயர். மானம் போகும் நிலை வந்தால் உயிர்நீப்பர் என்று சொல்வதும் அவர்தான். இரண்டிலும் மனம் வைத்து விடுகிற செயல் இருக்கிறது. 82 வயதில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முகப்பில் சாய்வு நாற்காலியில் கண் மூடியவர் எதை நீத்தார்? லாரி மோதிச் செத்தவர்களைக்கூட 'உயிர்நீத்தனர்' என்று எழுதுகிறார்கள். அவர்களா விட்டார்கள்? உயிரிழந்தார்கள் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? "நீத்தார் கடன் என்கிறோமே" என்று மடக்கினார். சரி, அது வழக்கில் ஊறிய சொல், சடங்குக்கு இருக்கட்டும். படிவத்துக்கு வேண்டாம்.

இத்தனைக்கும் 'இறந்த' என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. இறத்தல் என்றால் முதலில் கடத்தல்தான். சங்கப் பாட்டில் தலைவன் சுரம் இறந்தான் என்றால் பாலையைக் கடந்து போனான் என்று அர்த்தம், யாரும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. இறந்த காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் இதே சொல்தான். காலம் கடப்பதும் ஆள் போவதும் ஒரே வினைக்குள் அடங்கியும், மாத்திரை இறந்துவிட்டது என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. எதை எங்கே சொல்வது என்று வாய்க்குத் தெரியும். மொழிபெயர்க்கிறவர்தான் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

மூச்சு என்ற பொருளும் வேண்டும் என்றால் 'ஆவி பிரிந்தது' இருக்கிறது. ஆவிக்கு மூச்சு, நீராவி, உயிர் என்று எல்லாப் பொருளும் உண்டு. கொட்டாவியில் இருப்பதும் அதே ஆவிதான். இதைப் படிவத்தில் போட முடியாது, ஆனால் கதை எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்களே என்றுதான் வருத்தம். காரைக்குடி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பாருங்கள். "பேஷன்ட் எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்று சொல்வார்கள். தாயைப் பறிகொடுத்தவன் அதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பான்.

ஆச்சிக்கு என் ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. பேனாவை வாங்கி 'காலாவதியான' மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே, செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுக் கடிதங்களில் எழுதுகிற மாதிரியே, 'சிவபதவி அடைந்த' என்று கூட்டெழுத்தில் எழுதினார். வங்கியில் இருந்த பெண் அதைப் படித்தார், ஒருமுறை ஆச்சியைப் பார்த்தார், முத்திரை குத்தி உள்ளே வைத்துக்கொண்டார்.