மணந்து பார்த்தோம், நல்லாத்தான் இருந்தது

போன கிழமை ஒரே முகவரியோடு பதினொரு படிவங்கள் என் மேசைக்கு வந்தன. எச் 544. அறிவிக்கப்படவேண்டிய நோயோடு ஒருவர் வைத்தியசாலைக்குப் போனால், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வருகிற தாள் அது. நோய் என்ற இடத்தில் பதினொன்றிலும் ‘உணவு நஞ்சாதல்’. இந்த ஓகஸ்ட் விடுமுறைக்குள் எனக்கு இது நாலாவது வீடு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம். படலையடியில் என் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் ஒரு சிறுமி ஓடிப்போய் முற்றத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்தாள். நான் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. வந்தால் டெங்கு என்று பிள்ளைகளுக்கே பாடம். அந்த மட்டில் சந்தோஷம்.

சனிக்கிழமை இரவு பிறந்தநாள். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுக்காக முற்றத்தில் கரி மூட்டி, குச்சியில் கோத்த கோழி. பிறகு பழ டார்ட். மாவும் மாஜரினும் பிசைந்து சுட்ட தட்டு, அதற்குள் கஸ்டர்ட், மேலே மாம்பழமும் பப்பாசியும். மூத்த மகள் யூடியூப் பார்த்துச் செய்தது. படம் காட்டினார்கள், உண்மையிலேயே அழகாக இருந்தது.

“எல்லாம் வீட்டில செய்தது தம்பி. கடையில ஒண்டும் வாங்கேல்லை. பிறகெப்பிடி?” என்றார் அம்மம்மா.

வாங்கியது சோடா மட்டும். ஆகவே சோடாவில்தான் முதல் சந்தேகம். அடுத்தது கிணற்றுத் தண்ணீர், “வெளிநாட்டு வயிறு தாங்காது” என்று. ஆனால் சத்தி எடுத்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கிணற்றிலேயே வளர்ந்தவர்கள். மூன்றாவது நாவூறு. அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

மிச்சச் சாப்பாடு எங்கே என்று கேட்டேன். கோழி நாய்க்கு, டார்ட் குப்பைக் கிடங்குக்கு. பாத்திரமெல்லாம் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒரு துண்டு கிடையாது. இப்படியான வீடுகளில் எங்களுக்குக் கைகொடுப்பது நேரக்கணக்கு ஒன்றுதான். யார் எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, முதல் சத்தி எப்போது. இருபத்திரண்டு பேரையும் கேட்டு எழுத மத்தியானம் போய்விட்டது.

எழுதி முடித்தபோது ஒரு விருந்தில் இரண்டு நோய் இருந்தது. டார்ட் வெட்டியது இரவு எட்டு மணிக்கு. பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஏழு பேருக்குச் சத்தி. ஏழு பேரும் டார்ட் சாப்பிட்டவர்கள். பெரியம்மா சைவம், இறைச்சியைத் தொட்டதே இல்லை, அவரும் அதில் ஒருவர். மற்ற நாலு பேரும் அன்றிரவு சுகமாகத் தூங்கினார்கள். ஞாயிறு பின்னேரத்திலிருந்து காய்ச்சலோடு வயிற்றோட்டம். இனிப்பே வேண்டாம் என்று சொன்ன பெடியனும் அந்த நாலில் ஒருவன். நாலு பேருமே முதல் சூட்டில் இறங்கிய குச்சிகளைச் சாப்பிட்டவர்கள்.

இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் காய்ச்சலில்லாமல் சத்தி என்றால், கிருமி சாப்பாட்டிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஸ்டெபிலோகொக்கஸ், புண்ணிலும் சீழிலும் இருக்கிற கிருமி. ஒருநாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தால் சல்மொனெல்லா போன்றதுகள், வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலை காட்டுகிறவை.

மகளின் சுட்டுவிரலில் ஒரு துணிக்கட்டு. வியாழக்கிழமை மூங்கில் குச்சி சீவும்போது வெட்டியது, சீழ் வைத்திருந்தது. அந்தக் கையால்தான் சனி காலை கஸ்டர்ட் பரப்பிப் பழம் அடுக்கினாள். பிரிட்ஜ் முழுக்கச் சோடாப் போத்தல்கள். டார்ட் பதினொரு மணியிலிருந்து இரவு எட்டு வரை மேசையில், மூடுவலைக்குள் இருந்திருக்கிறது. ஈ மொய்க்கவில்லை, உண்மைதான். வெளியே வெயில் 34 பாகை.

“தூக்கிக் குடுக்கேக்க மணந்து பார்த்தனாங்கள். நல்லாத்தான் இருந்தது.”

நாலு வீட்டிலும் இதே வசனம். பதினாறு வருட வேலையில் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

பழுதாவது வேறு, நஞ்சாவது வேறு. சோறு புளிப்பதும் கறி நுரைப்பதும் ஒருவகைக் கிருமிகளின் வேலை. அவை மணத்தையும் சுவையையும் மாற்றும், பெரும்பாலும் ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பாது. ஆளை விழுத்துகிற கிருமிகளில் பல, மணத்தைத் தொடுவதே இல்லை. நிறம் அப்படியே, ருசி அப்படியே. கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் பொரித்தால் நம் வீட்டுக்கு மணக்கும், சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறோம். வனிலா மணக்க மணக்க இருந்த கஸ்டர்ட் ஏழு பேரை வாளியோடு உட்கார வைத்தது. மூக்கு கருவாட்டைக் கண்டுபிடிக்கும், ஸ்டெபிலோகொக்கஸைக் கண்டுபிடிக்காது. நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். கெட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று என்னோடு வாதாடுகிறவர்களுக்கு என் பதில்: தெரிந்திருந்தால் நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், எனக்கு வேலையும் இருந்திருக்காது.

திரும்பச் சூடாக்கினால் சரி என்பது இதன் தம்பி. கிருமி சாகும், அது சுரந்து வைத்த நஞ்சு சாகாது. அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். “முட்டையே போடேல்லை, கஸ்டர்ட் பவுடர்தான்” என்றும் அந்த வீட்டில் சொன்னார்கள். பாலும் சீனியும் மாவும் போதும் கிருமிக்கு, முட்டை கேட்டு அடம் பிடிக்காது.

சரி, எப்படிச் செய்வது? கஸ்டர்டைக் காய்ச்சியதும் அகன்ற தட்டத்தில் மெல்லிசாக ஊற்றி, தட்டத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். ஆழமான சட்டியில் விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் இளஞ்சூடாகவே கிடக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் குடும்பம் நடத்துகின்றன. ஆறியதும் பிரிட்ஜுக்குள். சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு. 32 பாகை தாண்டிய நாளில் அது ஒரு மணி நேரம். வன்னியில் ஓகஸ்ட் பகல் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. பழத்தை வெட்ட முன் கழுவுங்கள், வெட்டிய பின் அல்ல. விருந்து இரவென்றால் பின்னேரம் அடுக்குங்கள். பிரிட்ஜில் சோடாவுக்கும் டார்ட்டுக்கும் சண்டை வந்தால் சோடாவை வெளியே எடுங்கள், வாளித் தண்ணீரும் ஐசும் அதற்குப் போதும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், மூடியபடி இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். கையில் புண், சீழ் என்றால் அன்று இன்னொருவர் சமைக்கட்டும்.

ஜெலற்றின் ஊற்றிப் பளபளப்பாக்குகிறவர்களுக்கு ஒன்று. வேகவைக்காத பப்பாசி, அன்னாசி இரண்டிலும் உள்ள நொதியம் ஜெலற்றினை இறுக விடாது. இறுகட்டும் இறுகட்டும் என்று மேசையில் வைத்துக் காத்திருக்காதீர்கள். அது இறுகப்போவதில்லை.

அதே பப்பாசிதான் கோழியிலும் ஏமாற்றியது. காயை அரைத்துத் தடவி, தேசிக்காய் பிழிந்து ஊறவைத்திருக்கிறார்கள். கோழியோ கட்டிபட்டது, மத்தியானம் வெளியே எடுத்து, நடு இளகமுன்பே கோத்தது. நெருப்பு சுவாலையாக எரியும்போதே முதல் குச்சிகள் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்குப் பசி. வெளியே கரி, கடித்தால் பஞ்சு. பஞ்சாக இருந்ததால் வெந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த மென்மை பப்பாசி கொடுத்தது, நெருப்பு கொடுத்தது அல்ல. தேசிக்காய்ப் புளியும் கிருமியைக் கொல்லாது, வாய்க்குத்தான் நல்லது.

துண்டுகளைச் சின்னதாக, ஒரே அளவாக வெட்டுங்கள். நெருக்கிக் கோக்காமல் இடைவெளி விடுங்கள். முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். சுவாலை அடங்கி, கரி சாம்பல் பூத்த பிறகு வையுங்கள். ஆகப் பெரிய துண்டைப் பிளந்து பாருங்கள், நடுவில் ரோஸ் நிறம் இருந்தால் திரும்பப் போடுங்கள். நிறமும் சில வேளை ஏமாற்றும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் வாசனைத்திரவியத்தோடு ஒரு சமையல் வெப்பமானியும் கேளுங்கள், கோழியின் நடுவில் 74 பாகை காட்டவேண்டும். பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே சுட்டதை அடுக்காதீர்கள். ஊறவைத்த மிச்சக் கலவையைக் கடைசி நிமிடத்தில் பூசாதீர்கள். காலையில் அரைவேக்காடு வைத்து இரவில் சுடும் கெட்டித்தனமும் வேண்டாம். காட்டிறைச்சியைக் கோக்கிறவர்களோடு பேச வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது, நான் அதற்குள் வரவில்லை.

குச்சி குறைந்துவிட்டதென்று வேலியில் அலரியை முறிக்காதீர்கள். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு.

நெருப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் ஊற்றிக் கரி மூட்டாதீர்கள். மழை வந்ததென்று கரிச்சட்டியை அறைக்குள் இழுக்காதீர்கள், கரி விடுகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, அங்கும் மூக்கு உதவாது. அப்புறம், இது நம் மண்ணுக்கென்றே உள்ளது: வெறும் நிலத்தில் குழி வெட்டி நெருப்பு மூட்டாதீர்கள். யுத்தம் முடிந்தது 2009இல், மண்ணுக்கடியில் கிடப்பதற்கு அது தெரியாது. புதைந்த வெடிபொருள் மேலே எரிகிற நெருப்பின் சூட்டிலேயே வெடிக்கும். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்து இப்போது துப்புரவாக்கிய காணி என்றால் இன்னும் கவனம். கல்லடுக்கு, சீமெந்துத் தரை, கால் வைத்த இரும்புச் சட்டி, இதில் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் கேக், டார்ட் செய்து ஓடர் எடுக்கும் தங்கச்சிமாருக்கு: உங்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. விற்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்கள் குசினிக்கும்தான். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயப்படுத்த இதை எழுதவில்லை. மல்லாவிக்கு மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் கஸ்டர்ட் அனுப்புவதென்றால் ஐஸ் வைத்த பெட்டியில் அனுப்புங்கள், தயவுசெய்து. சந்தேகமிருந்தால் முதலே பணிமனைக்கு வந்து கேளுங்கள், தேத்தண்ணி தருவோம்.

வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் முழுதாகக் கரைத்து, சத்தி எடுத்தாலும் மிடறு மிடறாகக் கொடுங்கள். அரைப் பைக்கற், கால் பைக்கற் வேண்டாம். கரைத்தது 24 மணி நேரம்தான். வயிற்றோட்டத்தைக் கட்டுகிற குளிசையைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரத்தம் போனால், சலம் குறைந்தால், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் உடனே வைத்தியசாலை. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே வேண்டாம். சிறுநீரக நோயாளி இருக்கிற வீடுகள் நம் பகுதியில் குறைவில்லை, நீரிழப்பு அவர்களுக்கு இரட்டை அடி.

போகும்போது மிச்சச் சாப்பாட்டைச் சுத்தமான பையில் கட்டி, பிள்ளைகள் எடுக்காதபடி பெயரெழுதிப் பிரிட்ஜில் வையுங்கள். பாத்திரங்களை அப்படியே விடுங்கள். பி.எச்.ஐ. வருகிறார், வீடு அசிங்கமாகக் கிடக்கிறதே என்று அம்மம்மா கழுவப் போவார். அவரை மட்டும் யாராவது பிடித்து வையுங்கள்.