தேபாவும் தெப்பாவும்

எபிரேயம், அரபு, சிரியாக் போன்ற ஒரே குடும்பத்து மொழிகளான செமித்திய மொழிகளை ஒப்பிடும் வகுப்பில் விலங்குப் பெயர்கள் வந்தாலே எல்லோருக்கும் உற்சாகம்தான். ஒருமுறை ஒரு மாணவி பலகைக்கு வந்து, அரமேயத்தின் ஒரு பழைய வடிவமான சிரியாக்கில் ஓநாயைக் குறிக்கும் 'தேபா'வையும் அரபில் கரடியைக் குறிக்கும் 'துப்'பையும் கோடு போட்டு இணைத்தார். இரண்டிலும் 'தயவு' என்பதில் வரும் த, கூடவே ஒரு ப. ஒரே சொல் போலத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

அந்தக் கோட்டை அழிக்காமல், காதுக்கும் தங்கத்துக்கும் உள்ள சொற்களைப் பக்கத்தில் எழுதினேன். காது எபிரேயத்தில் ஓஸென், அரபில் உதுன், சிரியாக்கில் எத்னா. தங்கம் ஸஹாவ், தஹப், தஹ்பா. எபிரேயத்தில் ஸ வரும் இடத்தில் அரபில் ஒரு மெல்லிய த வருகிறது. 'அது' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்குமே, ஏறக்குறைய அந்த ஒலி. சிரியாக்கில் அது அழுத்தமான த ஆகிவிட்டது.

இப்போது ஓநாயைப் பாருங்கள்: எபிரேயத்தில் ஸெஎவ், அரபில் திஅப், சிரியாக்கில் தேபா. அதே வரிசை. கரடியோ தோவ், துப், தெப்பா என்று மூன்றிலும் அழுத்தமான த. ஆக, இம்மூன்றும் பிரிந்து வந்த மூலமொழியில் இவை இரண்டு வெவ்வேறு ஒலிகள். சிரியாக்கில் அவை ஒன்றாகக் கலந்ததால்தான் ஓநாயும் கரடியும் ஒட்டிப் பிறந்த மாதிரி தெரிகின்றன.

இப்படி மீட்டெடுத்த மூலச்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுவோம். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்த சொல் அல்ல, கணக்கிட்டுப் பெற்றது என்று அதற்கு அர்த்தம். வாட்ஸ்அப்பில் சுற்றும் சொல்லாராய்ச்சிகளில் முதலில் காணாமல் போவது இந்தக் குறிதான். தயவுசெய்து அதை விட்டுவிட்டுப் பகிராதீர்கள். அது போனால், ஊகம் ஆதாரமாகிவிடும்.

ஒலியைப் பிடித்துவிட்டால் பொருளும் கையில் வந்துவிடும் என்று நினைக்கவும் கூடாது. எத்தியோப்பியாவின் பழைய செமித்திய மொழியான கீஸில் ஓநாய்க்கான இதே சொல் 'ஸிஇப்'. அங்கே இன்று பேசப்படும் அம்ஹாரிக்கில் 'ஜிப்'. இரண்டுக்கும் பொருள் கழுதைப்புலி! அந்த ஊரில் இரவில் ஆட்டுமந்தைக்குப் பயம் கொடுத்த விலங்குக்குப் பழைய பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், தமிழ் பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகம் படித்தவர்களுக்கு ஓரேப், சேப் என்ற மீதியானிய அதிபதிகளைத் தெரிந்திருக்கும். ஓரேப் என்றால் காகம். சேப், நம் ஓநாயேதான்.