சொல் விளக்கம்: மரபணு வெளிப்பாடு

மரபணுவில் இருக்கும் செய்தி ஆர்.என்.ஏ. படியாகி, பெரும்பாலும் அதிலிருந்து புரதமாகிச் செயலுக்கு வருவதே மரபணு வெளிப்பாடு. ஒரே ஆளின் ஈரல் செல்லிலும் தோல் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றுதான், வெளிப்படுபவைதான் வேறு. கன்னடியன் கால்வாயில் எத்தனை மடை என்று எண்ணுவது ஒரு வேலை, எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பது வேறு வேலை. வெளிப்பாடு இரண்டாவதைச் சேர்ந்தது.

'ஜீன்' என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கின் யோகான்சன் உருவாக்கினார். பிறப்பு, குலம் என்று பொருள்படும் கிரேக்க வேர். நம் 'மரபணு'வில் உள்ள அணு, நுண்ணிய அலகு என்ற பொருளது. வேதியியல் அணு அல்ல. ஈழத்துப் பாடநூல்களில் இது 'பரம்பரையலகு'. 'எக்ஸ்பிரஷன்' பிழிந்து வெளியேற்றுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. வெளிப்படு என்பது வெளிப்பாடு ஆகும். சிலர் 'வெளிப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். ஒளித்து வைத்ததை யாரோ சொல்லிவிட்டது போல அது ஒலிக்கிறது, வெளிப்பாடே பொருத்தம்.

வைரஸ் சார்ந்த நிணநீர்ப் புற்றில் இந்தச் சொல்லின் மீதே ஒரு சிகிச்சை முயற்சி நிற்கிறது. 1964இல் பர்கிட் கட்டி என்ற நிணநீர்ப் புற்றின் செல்களில் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் உடலில் இருக்கிறது. மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. அதன் மரபணுத்தொகை சுமார் 1,72,000 எழுத்து நீளம். ஆனால் பர்கிட் கட்டியில் அது பொதுவாக ஈபிஎன்ஏ-1 என்ற ஒரே புரதத்தோடு அடங்கிக் கிடக்கும். அதனால்தான் தடுப்பாற்றல் செல்களின் கண்ணில் படுவதில்லை. கன்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த மருந்தைச் செயல்படு வடிவமாக்க வைரசின் கைனேஸ் நொதி வேண்டும். மடை அடைத்திருக்கையில் நொதி ஏது? மரபணுக்களை அடக்கி வைக்க உதவும் நொதிகளைத் தடுக்கும் ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் தடுப்பான்களால் உறங்கும் மரபணுக்களை எழுப்பி, கூடவே கன்சைக்ளோவிர் வகை மருந்தைக் கொடுக்கும் ஆய்வுகள் இதிலிருந்து பிறந்தவை. நானாட்டினோஸ்டாட் என்ற தடுப்பானும் வால்கன்சைக்ளோவிரும் சேர்ந்த இணை அப்படிப்பட்டது.

அளக்கும்போது கெடுவது பெரும்பாலும் மாதிரிதான். கழுத்தில் கட்டிய நெறியிலிருந்து எடுத்த துணுக்கை வெறும் சலைனில் போட்டு, நம் ஊர் வெயிலில் பாளையங்கோட்டையிலிருந்து வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினால், வழியிலேயே ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அரை சென்டிமீட்டருக்கு மிகாத துண்டாக நறுக்கி, ஐந்து முதல் பத்து மடங்கு ஆர்.என்.ஏ. காப்புக் கரைசலில் உடனே இட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் படிகளை இரட்டிப்பாக்கி அளக்கும் பி.சி.ஆர். கருவியில் 3 சுற்று தாமதமாகத் தெரிந்தால், மூலப்படிகள் எட்டில் ஒரு பங்கு என்று பொருள். சிதைந்த மாதிரியும் இதே தாமதத்தைக் காட்டும்! ஆகவே ஜி.ஏ.பி.டி.எச். போன்று, செல்களில் பொதுவாக ஒரே அளவில் வெளிப்படும் ஒப்பீட்டு மரபணு ஒன்றையும் சேர்த்து அளக்காமல் 'வெளிப்பாடு குறைவு' என்று எழுதக் கூடாது.

அறிக்கையில் 'ஈபிஇஆர் பாசிட்டிவ்' என்றிருந்தால், அதுவும் வெளிப்பாடுதான். ஆனால் ஈபிஇஆர் என்பது எப்ஸ்டீன்-பார் வைரசின், புரதமாகாத ஆர்.என்.ஏ. ஆகும். அந்தச் செல்லில் வைரஸ் இருக்கிறது என்பதை அது காட்டும். கைனேஸ் வெளிப்படுகிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.