ஸ்டே என்றால் தடையா?

போன மாதம் ஒரு மதியம். தம்புச் செட்டித் தெருவில் நான் மொழிபெயர்ப்பு பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு கட்சிக்காரர் போன் செய்தார். நிலத் தகராறு. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எதிர்த்தரப்பு இரண்டு நீதிபதிகள் அமர்வுக்கு மேல்முறையீடு போய் ஸ்டே வாங்கிவிட்டது. "தீர்ப்புக்குத் தடைன்னு அனுப்பியிருக்கீங்களே சார், அப்ப நான் தோத்துட்டேனா?" என்று கேட்டார். சமாதானம் பேச மச்சானை எதிராளி வீட்டுக்கு அனுப்பியும் விட்டாராம்.

"தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டுள்ளது." அந்த வரியை எழுதி அனுப்பியது நான்தான். எல்லோரும் எழுதுகிறார்களே என்று நானும் எழுதிவிட்டேன்.

சொல்லின் பிறப்பை நாலு வரியில் முடித்துவிடலாம். ஸ்டே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் லத்தீனில் 'ஸ்தாரே', அதாவது நிற்றல். ஓடிக்கொண்டிருப்பதை இருந்த இடத்தில் நிற்கச் சொல்வது ஸ்டே. தடை என்பது 'தடு' வழி வந்தது, குறுக்கே விழுந்து மறிப்பது. பழைய உரைகளில் 'தடை விடை' என்று வருமே, அங்கே அதற்கு ஆட்சேபம் என்று பொருள். நிற்பதற்கும் மறிப்பதற்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை.

தடை என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல தமிழ்ச் சொல். அதன் தலையில் ஏற்றியிருக்கும் சுமையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஊர்வலத்துக்கு 144 தடை உத்தரவு (அந்தப் பிரிவுக்குப் புதுச் சட்டத்தில் 163 என்று எண் மாறிவிட்டது, நம் வாயில் இன்னும் 144தான்). பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பத் தடை. கீழமை நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டாமல் இருக்க உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் தடையுறுத்தும் நீதிப்பேராணை. இத்தனைக்கும் பிறகு ஸ்டேக்கும் தடை. சுவர் வழக்கில் ஆளைப் பார்த்து 'செய்யாதே' என்கிறது நீதிமன்றம். ஆங்கிலத்தில் அது இன்ஜங்ஷன், நம் சிவில் நீதிமன்றங்களில் அதற்கு உறுத்துக் கட்டளை என்று தனிப்பெயரே புழங்குகிறது. ஸ்டே ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட ஓர் உத்தரவின் மேல் கை வைத்து, 'கொஞ்சம் நில்' என்கிறது.

வேறுபாடு நானாகக் கிளப்பியதல்ல. உயர் நீதிமன்றத்துக்கு ரிட், அதாவது நீதிப்பேராணை, பிறப்பிக்கும் அதிகாரம் தரும் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவிலேயே, மூன்றாம் உட்பிரிவில், இன்ஜங்ஷன் ஒரு சொல்லாகவும் ஸ்டே ஒரு சொல்லாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் தடை என்று போட்டால் 'தடை அல்லது தடை' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். அதே உட்பிரிவில் சாதாரண ஆளுக்குப் பயன்படும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. உங்களுக்கு மனு நகலும் ஆவணங்களும் தராமல், உங்கள் தரப்பையும் கேட்காமல் ஸ்டே வாங்கியிருந்தால், அதை நீக்கக் கோரி நீங்கள் மனுப்போடலாம். இரண்டு வாரத்துக்குள் நீதிமன்றம் அதை முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டே தானே விழுந்துவிடும். தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வாரா?

1992-இல் சாமுண்டி மொபெட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஓர் உத்தரவை ரத்து செய்தால் அது பிறப்பதற்கு முன்பிருந்த நிலை திரும்பும். ஸ்டே கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து உத்தரவு செயல்படாது, அவ்வளவுதான், அது அழிந்துபோய்விடவில்லை. 2021 ஜனவரியில் மூன்று வேளாண் சட்டங்களுக்கும் நடந்தது இதுதான். 'சட்டங்களுக்குத் தடை' என்று படித்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் சட்டமே போய்விட்டது என்றார்கள். போயிருந்தால், அதே வருடம் நவம்பரில் நாடாளுமன்றம் கூடி எதற்காக அவற்றைத் திரும்பப் பெற்றது?

நம் ஊரிலேயே 2024 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. அமைச்சர் பதவியை இழந்திருந்த பொன்முடி மீதான குற்றத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்ததுதான், ரத்து செய்யவில்லை என்று சொல்லி ஆளுநர் பதவிப்பிரமாணம் செய்துவைக்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு 22-ஆம் தேதி பதவியேற்பு நடந்தது. யார் பக்கம் சரி என்பது இங்கே என் வேலையில்லை. மொத்தச் சண்டையும் ஸ்டேக்கும் ரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நடந்தது. தடை என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைத் தமிழில் எப்படி விளக்குவீர்கள்?

தடை வந்தால் ஒரு குழப்பம், வராவிட்டால் அதைவிடப் பெரியது. 'பாலம் கட்டத் தடையில்லை: ஐகோர்ட்' என்று தலைப்பு வரும். நடந்தது என்னவென்றால், இப்போதைக்கு ஸ்டே தர முடியாது, வழக்கை நான்கு வாரம் கழித்துக் கேட்கிறோம் என்று நீதிபதி சொல்லியிருப்பார். தடையில்லாச் சான்றிதழ் வாங்கிப் பழகிய நமக்கோ அது நீதிமன்றமே பாலத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தது போலக் கேட்கிறது. 'நிறுத்திவைக்க மறுப்பு' என்று எழுதிப் பாருங்கள், வழக்கு இன்னும் உயிரோடு இருப்பது தெரியும்.

ஆக, என் சொல் நிறுத்திவைப்பு. நான் ஆக்கியதில்லை. 'தண்டனை நிறுத்திவைப்பு' என்று இதே பத்திரிகைகள்தான் நாள்தோறும் எழுதுகின்றன. தண்டனை என்றால் நிறுத்திவைப்பாம், தீர்ப்பு என்றால் தடையாம்.

சொல்லாக்க நண்பர் ஒருவர் 'இடைநிறுத்தம்' என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒரே சொல்லாம், செறிவாம். எனக்கு அதைக் கேட்டால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்தான் நினைவுக்கு வருகிறான், இடைநிற்றல் அவ்வளவு ஊறிவிட்டது. தவிர, அதில் 'வை' இல்லை. நிறுத்தி 'வைப்பது' என்னும்போதே திரும்ப எடுக்கலாம் என்பது உள்ளே இருக்கிறது. ஊறுகாயை எடுத்து வைப்பது போல. அந்தத் துணைவினையை வெட்டிவிட்டுச் செறிவு என்ன செறிவு? அப்புறம், நிறுத்திவைப்பு என்றால் ஒத்திவைப்போடு குழம்புமே என்கிறார். குழப்பத்துக்குக் காரணம் ஒத்திவைப்பைக் கண்ட இடத்தில் போடுவதுதான். விசாரணை முடிந்து, தீர்ப்பு எழுத நேரம் எடுத்துக்கொள்வதற்கும் 'தீர்ப்பு ஒத்திவைப்பு', வாய்தா வாங்கினால் அதற்கும் ஒத்திவைப்பு.

பத்திரிகை உதவி ஆசிரியர்கள் சொல்வது வேறு. தடை இரண்டெழுத்து, நிறுத்திவைப்பு ஏழு, தலைப்பில் இடமில்லை. ஆனால் அதே தலைப்பில் 'அதிரடி' போட இடம் கிடைக்கிறது. நீதிபதி ஒரு கேள்வி கேட்டால் 'சரமாரி', இரண்டு கேட்டால் 'காட்டம்'. விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்ன ஒரு வாக்கியம் மறுநாள் உத்தரவாக அச்சேறிவிடுகிறது. 348-ஆம் பிரிவின்படி நம் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில்தான் இயங்குகிறது. அங்கே நடந்தது, நீதிமன்றம் இருக்கும் பாரிமுனையைத் தாண்டி வெளியே வருவதே இவர்கள் எழுதும் தமிழில்தான்.

ஸ்டே என்றே எழுதிவிட்டாலும் எனக்குச் சம்மதம். தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். 'ஸ்டே வாங்கியிருக்கான்' என்று டீக்கடையில் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வாங்கியது நாளைக்குப் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று அந்தக் கட்சிக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நிறுத்திதான் வச்சிருக்காங்க அண்ணே, தீர்ப்பு அப்படியே இருக்கு, மச்சானைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். சாயங்காலம் கடிதத்தையும் திருத்தினேன். சீனியர் படித்துப் பார்த்து, நிறுத்திவைப்பை அடித்துவிட்டுத் தன் பச்சைப் பேனாவால் மேலே 'தடை' என்று எழுதினார். "கட்சிக்காரருக்குப் புரியணும்ப்பா."