கொப்பியில் எழுதாத விதிகள்: முறைமைப் பகுப்பாய்வாளரின் வேலை

"இருக்கிற கொப்பியை அப்படியே கொம்பியூட்டரிலை ஏத்தித் தாங்கோ" என்று கேட்டு வருபவர்கள் யாழ்ப்பாணத்தில் அதிகம். கேட்பவருக்கு அது இரண்டு கிழமை வேலை. ஆனால் கொப்பியில் பாதி விதிகள்தான் இருக்கும். மீதிப் பாதி எழுதுவினைஞரின் தலைக்குள் இருக்கும். அதை வெளியே எடுத்து, நிரலாளர் ஊகிக்கத் தேவையில்லாத அளவுக்குத் துல்லியமாக எழுதுவதுதான் முறைமைப் பகுப்பாய்வாளரின் வேலை. உயர்தரத்தில் தரவுப் பாய்ச்சல் வரைபடம் (தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம்) கீறப் பழகியவர்கள், அந்தப் படத்தையே தொழில் என்று எண்ணிவிடக் கூடாது.

கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகாமையாளரின் அறையில் பேசி முடித்துவிட்டு எழும்பாதீர்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு இருங்கள். அதுவும் சனம் நிறையும் நாளில். நிரப்பிய பழைய படிவங்கள் குறைந்தது 20 வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பவைதான் முக்கியம். "வழமையாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் வழமைதான் பதிலாக வரும். "கடைசியாக எப்போது வேறு மாதிரிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பிணையாளி வெளிநாடு போனது, அங்கத்தவர் இறந்தது, இரண்டு தவணையை ஒன்றாகக் கட்டியது எல்லாம் அப்போதுதான் வரும்.

வட்டியில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரூபா 100,000 கடன், ஆண்டு வட்டி 12 வீதம், 17 நாளில் திருப்பிக் கட்டுகிறார். 365 நாளால் வகுத்தால் ரூபா 558.90, 360 நாளால் வகுத்தால் 566.67, தொடங்கிய மாதத்தை முழு மாதமாகக் கணக்கிட்டால் 1,000. "வட்டி கணிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நிரலாளர் மூன்றில் ஒன்றைத் தானே தெரிவு செய்வார். பழைய பற்றுச்சீட்டுகள் ஐந்தை எடுத்து, விடை சதம் பிசகாமல் வரும்வரை கையால் கணித்துப் பாருங்கள். பொருந்திய பிறகு அந்த ஐந்தையும் சோதனைத் தரவாகவே ஆவணத்தில் சேருங்கள்.

அடையாள அட்டை இலக்கம் இன்னொரு பொறி. பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும்; 2016 முதல் வந்த புதியது 12 இலக்கம். பழைய இலக்கத்தின் முன்னால் 19, ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய வடிவம் கிடைக்கும். இது தெரியாவிட்டால் ஒரே ஆள் இரண்டு அங்கத்தவராகப் பதிவாகிவிடுவார். ஆண்டுக்குப் பின்வரும் மூன்று இலக்கம் பிறந்த நாளின் வரிசை எண். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த வரிசையில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். சாதாரண நாட்காட்டிக் கணக்கைப் போட்டால், லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதலாம் தேதியிலிருந்து பிறந்தவர்களின் தேதி ஒரு நாள் தள்ளிப் போகும்.

பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகிவிடும். முதலெழுத்து, விரிந்த பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர் என்று பிரித்துக் கேளுங்கள். பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் வேலையையும் விலைமதிப்பில் முதலிலேயே சேர்க்க வேண்டும்.

திறமை என்று கேட்டால், மொழியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு சங்கத்தில் "மீதி" என்பது இன்னும் கட்ட வேண்டிய கடன் முதல். "நிலுவை" என்பது தவறிய தவணை. இரண்டும் ஆங்கில ஆவணத்தில் "பேலன்ஸ்" ஆகிவிட்டால் அறிக்கை முழுக்கப் பிழையாகிவிடும். அதனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அகராதி ஒன்றை முதல் நாளே தொடங்குங்கள். பழைய தரவைத் தானே தோண்டிப் பார்க்கும் அளவுக்கு எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) அறிவும் வேண்டும். "வேகமாக வேலை செய்ய வேண்டும்" என்பது தேவை ஆகாது. "அங்கத்தவர் இலக்கத்தை அடித்ததும் 3 செக்கனுக்குள் கணக்கு தெரிய வேண்டும்" என்பதைச் சோதிக்கலாம்.

ஆவணத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, முகாமையாளரிடமும் கவுண்டரில் இருப்பவரிடமும் ஒப்பம் வாங்குங்கள். பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு, எத்தனை நாள் கூடும் என்பதோடு எழுதி வையுங்கள். புதிய மென்பொருள் தொடங்கிய முதல் மாதம் கொப்பியையும் நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு நாளும் கணக்கு மூடும்போது இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்; ஒரு ரூபா வித்தியாசம் என்றாலும் காரணம் கண்டுபிடித்த பிறகே அடுத்த நாளைத் திறக்க வேண்டும்.